எடையில்லாத கயிறு

1

இன்றோடு நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருடம். இதே மாதிரி தூறல் போட்ட ஒரு காலையில், மூன்று வயது மகள் கயலைத் தோளில் போட்டுக்கொண்டு, வட ஜெர்மனியின் இந்தச் சின்ன ஊரில் ரயிலை விட்டு இறங்கினேன். பின்னால் என் மனைவி செல்வி, புளியும் மிளகாய்த்தூளும் அடைத்த பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். வருடா வருடம் இந்த நாளில் அவள் பாயசம் வைப்பாள். இந்த வருடம் வைக்கவில்லை. 

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்கத் தெம்பில்லை. செப்டம்பர் கடைசியில் இங்கே இருக்கும் உரிமை எங்களுக்கு முடிகிறது. ஊருக்கு வர வேண்டும். பதினாலு வயது மகள் வரமாட்டேன் என்கிறாள். இவ்வளவுக்கும் காரணம், ஒரு கயிற்றுக்கு எடை உண்டு என்பதை நான் மறந்துபோனது. சிரிக்காதீர்கள். நிஜமாகவே அவ்வளவுதான்.

2

ஊருக்கு வரும்போதெல்லாம் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் யாராவது பிடித்துக்கொண்டு கேட்பார்கள்.

“தம்பி அங்கிட்டு என்ன வேலை பாக்குறீக?”

“புவியீர்ப்பு பத்தி ஆராய்ச்சிங்க.”

“அதான் எப்பவோ கண்டுபிடிச்சாச்சே?”

நியாயமான கேள்வி. எனக்கு எரிச்சல் வரும், பதில் வராது. இப்போது சொல்ல முயல்கிறேன்.

இயற்கை சில இடங்களில் கையைக் காட்டி நிறுத்திவிடும். ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு தடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால், ஆளுக்கு ஆள் கடிகாரம் மாறும், நீளம் மாறும் என்பதெல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிடும். அதே மாதிரி விசைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு என்று எங்களில் சிலர் நம்புகிறோம். மூன்று போட்டு, பக்கத்தில் நாற்பத்து மூன்று சைபர் போட்டால் எத்தனை நியூட்டனோ, ஏறக்குறைய அவ்வளவு. அதற்கு மேல் எதையும் யாரும் இழுக்க முடியாது. இழுக்கப் போனால் அங்கே ஒரு கருந்துளை உண்டாகி, இழுப்பவனையும் இழுபடுவதையும் வெவ்வேறு பக்கம் பிரித்துப் போட்டுவிடும்.

வழக்கமாக ஈர்ப்பின் சமன்பாடுகளை முதலில் எழுதி, அதிலிருந்து இப்படிப்பட்ட தடைகளை வரவழைப்பார்கள். நான் தலைகீழாகப் போனேன். தடைதான் அஸ்திவாரம், அதன்மேல் கட்டின வீடுதான் ஈர்ப்பு. விசைக்கு எல்லை உண்டு என்று மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள், வெளி ஏன் வளைகிறது, தேங்காய் ஏன் கீழே விழுகிறது, எல்லாவற்றையும் அதிலிருந்தே காட்டுகிறேன் என்று நாற்பத்தொரு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினேன். இரண்டு வருடம் முன்னால் வெளிவந்தது. நாலு பேர் பாராட்டினார்கள். அந்த நாலு பேரும் கணக்குத் தெரிந்த நாலு பேர் என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த நாட்டில் ஆராய்ச்சிக்காரனைத் தற்காலிக ஒப்பந்தத்தில் இத்தனை வருடம்தான் வைத்திருக்கலாம் என்று ஒரு சட்டம். அந்தக் கெடு எனக்கு இந்தச் செப்டம்பரோடு முடிகிறது. வேலை போனால் விசாவும் போகும். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு நிரந்தர வேலை. இறுதி நேர்காணலுக்குப் போனவர்கள் மூன்று பேர், அதில் நான் ஒருவன். எல்லாம் அந்த நாற்பத்தொரு பக்கத்தின் பலத்தில்.

3

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு தாள் இருக்கும். பழைய விசா முடிந்து, புதியது முடிவாகாமல் இருக்கும்போது கொடுப்பது. அதன் பெயரை அப்படியே தமிழாக்கினால் ‘கற்பனைச் சான்றிதழ்’. இங்கே இருக்க எனக்கு அனுமதி இருப்பதாக அரசாங்கம் தற்சமயம் கற்பனை செய்துகொள்கிறதாம். இதை வாங்குவதற்கு ஏழு மாதம் காத்திருந்து, காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றேன்.

பதினோரு வருடத்தில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கியிருக்கலாமே என்பீர்கள். அதற்கு மொழித் தேர்வு எழுத வேண்டும். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் பேச்சுத் தேர்வில் கோட்டை விட்டேன். ஆபீஸில் பேச்செல்லாம் இங்கிலீஷ். மிச்ச நேரம் கரும்பலகையோடு. இன்னும் எனக்கு ஜெர்மனில் ‘நீ’, ‘நீங்கள்’ சரியாக வராது. ஊரில் ஆட்டோக்காரரைக்கூட “வாங்க, போங்க” என்று பேசி வளர்ந்தவன், இங்கே கவுண்டரில் இருக்கும் அம்மையாரைப் பார்த்து “நீ எப்போ கூப்பிடுவே?” என்று கேட்டுவிடுகிறேன். பக்கத்தில் நிற்கும் கயல் கூனிக் குறுகிப் போவாள். உடனே நான் சொன்னதை மரியாதையோடு திருப்பிச் சொல்லி மன்னிப்பும் கேட்பாள்.

ஒன்பது வயதிலிருந்து எங்கள் வீட்டில் அவள்தான் குமாஸ்தா. வாடகைக் கடிதம், இன்சூரன்ஸ், டாக்டர் சீட்டு, விசா விண்ணப்பம், எல்லாப் படிவத்தையும் அவள்தான் நிரப்புவாள். குண்டு குண்டான கையெழுத்து. தமிழில் பேசுவாள், எழுதத் தெரியாது. கோபம் வந்தால் அதுவும் ஜெர்மனுக்குப் போய்விடும். அவளுடைய திட்டு முக்கால்வாசி எனக்குப் புரியாது என்பது அவளுக்கும் தெரியும், அதனால் தாராளமாகத் திட்டுவாள். ஆற்றில் நாலு பேர் சேர்ந்து துடுப்பு போடும் படகில் அவள் மூன்றாவது இருக்கை. வாரத்தில் நாலு நாள் பயிற்சி. அக்டோபரில் போட்டி.

அக்டோபரில். கவனித்தீர்களா?

4

நேர்காணலுக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வசந்தா அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பையும் கடலைக் கொல்லையையும் பார்த்துக்கொள்பவள் என் அக்காதான். மச்சான் இறந்த பிறகு தனியாகத்தான் பார்க்கிறாள்.

“தம்பி, போருக்குள்ள மோட்டாரு மாட்டிக்கிருச்சுடா. காலையிலேர்ந்து இழுக்குறாங்க, அசைவேனாங்குது.”

போனைத் திருப்பிக் காட்டினாள். போர்வெல் குழிக்கு மேலே முக்காலி நட்டு, செயின் போட்டு, நாலு பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எழுநூறு அடி ஆழம். இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று மரைபோட்டு முடுக்கி, அதன் நுனியில் மோட்டாரைக் கட்டி இறக்கியிருப்பார்கள். மோட்டாரை எடுப்பதென்றால் அந்தக் குழாயைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். உலகத்திலேயே பெரிய இழுவிசை எவ்வளவு என்று தெரிந்தவன் சும்மா இருப்பானா?

“அக்கா, ஒவ்வொரு பைப்புக்கும் ஒரு லிமிட் இருக்கும். மோட்டார் மிஞ்சிப் போனா நூறு கிலோ. பைப்பு அதப் போல பல மடங்கு தாங்கும். பயப்படாம இழுக்கச் சொல்லு.”

மோட்டார் எடுக்கிற குழுவின் தலைவர் குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டு போன் பக்கம் வந்தார்.

“சார், மோட்டாரு வெயிட்டெல்லாம் ஒரு வெயிட்டா? முப்பத்தஞ்சு பைப்பு உள்ள தொங்குது. ஒரு டன்னு வரும். அந்த வெயிட்ட யாரு சார் தூக்குறது? மேல இருக்க பைப்புதான தூக்கணும்?”

“சரிங்க, பாத்து இழுங்க” என்றேன்.

“பாத்துதான் இழுக்குறோம். இதுக்கு மேல போட்டா மேலயே அத்துரும் சார்.”

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மரம் வாடி மட்டை தொங்கிவிட்டது, பதினைந்து நாளாகத் தண்ணீர் இல்லை. “ஒரு தடவ, ஒரே ஒரு தடவ போட்டுப் பாருங்க குமாரு, தம்பியே சொல்றான்ல” என்றாள். அவர் தயங்கித் தயங்கிச் செயினை ஏற்றினார்.

சத்தம் போனில் சின்னதாகத்தான் கேட்டது. மேலிருந்து இரண்டாவது இணைப்பில் அறுந்தது. மீதிக் குழாய் முழுவதும் மோட்டாரோடு எழுநூறு அடிக்குள் போய்விட்டது. அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். போன் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

“அடியில மாட்டும், மேல அறும். எப்பவும் அப்புடித்தான் சார்” என்று குமாரின் குரல் மட்டும் கேட்டது. என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

5

மறுநாள் காலை டிராமில் ஆபீஸுக்குப் போகும்போது அக்காவைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாலத்தைத் தாண்டும்போது நினைவுக்கு வந்தது. என் கட்டுரையிலும் ஒரு கயிறு இருக்கிறது.

பதினேழாம் பக்கம். ஓரிடத்தில் இருக்கும் விசையைத் தூரத்தில் இருக்கும் இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஒரு கயிறு கட்டியிருந்தேன். ‘எடையற்ற கயிறு ஒன்றைக் கருதுக.’ கயிற்றுக்கு எடை இல்லையென்றால் இந்த நுனியில் உள்ள இழுவைதான் அந்த நுனியிலும். அந்த ஒரு வரியைத் தாண்டித்தான் மிச்சம் இருபத்து நாலு பக்கமும் நடந்து போயிருந்தது.

அந்த வரி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆலங்குடியில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ படித்தபோது, இயற்பியல் கணக்கு ஒவ்வொன்றும் இப்படித்தான் தொடங்கும். நிறையற்ற, நீளாத கயிறு. உராய்வற்ற கப்பி. எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன். வீட்டுக் கிணற்றில் ஈரக் கயிற்றை இழுத்து உள்ளங்கை தோல் உரிந்த அதே கையால், நிறையற்ற கயிறு என்று எழுதி முழு மார்க் வாங்கினேன். கை பழகிப்போனது. இங்கே வந்து, பிரபஞ்சத்தின் எல்லைக்கே போய் நின்றபோதும் கை அதையே எழுதியது.

அந்த எல்லையில் எடையில்லாத கயிறு கிடையாது. எடையே இல்லாத கயிற்றை இறுக்கிக் கட்டிச் சுண்டினால், அதில் அதிர்வு ஒளியைவிட வேகமாக ஓடும். அது ஆகாது. ஆகவே எவ்வளவு இழுவையைத் தாங்குகிறதோ, அதற்குத் தக்க எடை கயிற்றுக்கு இருந்தே தீர வேண்டும். தடைதான் அஸ்திவாரம் என்று ஊரெல்லாம் பிரசங்கம் செய்தவன் நான். வேகத்தின் தடையையே என் கட்டுரைக்குள் மீறியிருந்தேன்.

இரண்டு நாள் விடாமல் சரிசெய்து பார்த்தேன். கயிற்றுக்கு எடை கொடுத்தால், அந்த எடை வளைந்த வெளியில் எப்படித் தொங்கும் என்று தெரிய வேண்டும். அது தெரிய வேண்டுமென்றால் ஈர்ப்பின் சமன்பாடு வேண்டும். அதைத்தானே நான் நிரூபிக்கப் புறப்பட்டேன்? நாயைப் போல என் வாலை நானே துரத்திக்கொண்டிருந்தேன். விசைக்கு எல்லை இல்லை என்று சொல்லவில்லை, இருக்கலாம். அதிலிருந்து ஈர்ப்பு பிறப்பதாக நான் காட்டிய வழி மட்டும் பொய். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரும்பலகையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

6

செல்வியிடம் சொன்னேன். பேக்கரியில் பகுதிநேர வேலை முடிந்து வந்து, மாவு படிந்த செருப்பைக் கழற்றாமலேயே கேட்டாள்.

“ரெண்டு வருஷமா யாருமே கண்டுபிடிக்கலல்ல?”

“ஆமா.”

“இன்னும் ரெண்டு நாளு கண்டுபிடிக்காம இருந்தா என்னங்க கெட்டுப்போகும்?”

அவளே மறுபடியும் சொன்னாள்.

“வேல கெடைக்கட்டும். அப்பறம் நிதானமா தப்பச் சொல்லுங்க. யாரு வேணாங்குறா? எம் புள்ள இந்த ஊர்ல நிம்மதியா இருக்கா. அவளப் பேத்து எடுத்துட்டுப் போனா என்னத்துக்கு ஆவா?”

எனக்குப் பொறுப்பான பேராசிரியரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். ஓய்வு பெறும் வயது, என்னைத் தம்பி போல நடத்துபவர். “முதலில் நேர்காணலை முடி. பிழை திருத்தம் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம்” என்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நானும் அப்படியே செய்வதென்றுதான் முடிவெடுத்தேன். இதை மறைக்க மாட்டேன். வியாழக்கிழமை காலை கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பும்போது, பொய் சொல்வதற்குத் தயாராகத்தான் கிளம்பினேன். கயல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

நேர்காணல் குழுவில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினேழாம் பக்கம் வரை தங்குதடையில்லாமல் பேசினேன். பிறகு பலகையில் கயிற்றை வரைய வேண்டும். ஒரு கோடு, அவ்வளவுதான். சுண்ணாம்புக்கட்டியைப் பலகையில் வைத்தேன். கை நகரவில்லை. அக்கா மண்ணில் உட்கார்ந்ததுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. தெரிந்தமாதிரி பேசி ஒரு தடவை கெடுத்தாகிவிட்டது. “இந்த இடத்தில் தவறு இருக்கிறது. என்னால் சரிசெய்ய முடியவில்லை” என்று சொல்லிவிட்டேன். நேர்மை, மண்ணாங்கட்டி எல்லாம் இல்லை. முடியவில்லை, அவ்வளவுதான்.

எல்லோரும் மரியாதையாகக் கைகுலுக்கினார்கள். ஒருவர் தைரியமான செயல் என்றார். பன்னிரண்டு நாளில் கடிதம் வந்தது. கயல்தான் படித்துச் சொன்னாள். ‘வருந்துகிறோம்’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள், மீதியை நான் படிக்கச் சொல்லவில்லை.

“அப்பா, நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்ல?”

“தப்பு தப்புதானம்மா.”

“எனக்கு அது தெரியும்ப்பா. நான் அதக் கேக்கல. சொல்லாம இருந்திருக்கலாம்லன்னு கேட்டேன்.”

இருந்திருக்கலாம். அதை அவளிடம் சொல்லாமல் கடிதத்தை மடித்து வைத்தேன். அதற்குப் பிறகு அவள் கத்தியதெல்லாம் ஜெர்மனில். தோழி வீட்டில் தங்கிக்கொள்வேன் என்றாள், அது மட்டும் புரிந்தது. படகில் மற்ற மூன்று பேர் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். மூன்றாவது இருக்கை காலியாக இருந்தால் படகு நேராகப் போகாதாம்.

7

இந்த ஊரை விட்டுப் போகிறவர்கள் நகராட்சியில் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். இன்றுதான் அதை எடுத்து மேஜையில் வைத்தேன். இன்றைக்கென்று பார்த்து ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. பதினோரு வருடம் முன்னால் வந்து சேர்ந்ததாகக் கொடுத்த படிவமும் இதே நிறம்தான்.

படிவம் என்றால் கயல்தான். பழக்கதோஷத்தில் அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டேன், வைத்த பிறகுதான் உறைத்தது. அவள் பேனாவை எடுத்தாள். பெயர், பிறந்த தேதி, இப்போதைய முகவரி என்று மளமளவென்று எழுதினாள்.

“போற எடத்து அட்ரஸ்?”

சொன்னேன். ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம். ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதினாள்.

“பின் கோடு?”

எனக்கு மறந்துவிட்டது. எழுதியே எத்தனை வருடம் ஆகிறது. அக்காவுக்குப் போன் போட்டேன். எண்ணைச் சொல்லிவிட்டு அக்கா கேட்டாள்.

“பின் கோடு எதுக்குடா? எதும் அனுப்புறியா?”

“நாங்கதான் வாரோம்க்கா.”

“அந்தப் போர மூடிட்டேன்டா” என்றாள் அக்கா. “மேல கல்லப் போட்டு மூடியாச்சு. மரம் இருவது போச்சு. வாங்க, இருக்குறத வச்சுப் பாத்துக்குவோம். புள்ளைக்கு என்ன புடிக்கும்?”

ஸ்பீக்கரில்தான் இருந்தது. கயலைப் பார்த்தேன். அவள் பின் கோட்டை எழுதிக்கொண்டிருந்தாள். என்ன பிடிக்கும் என்று என்னாலும் உடனே சொல்ல முடியவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

கயல் படிவத்தை என் பக்கம் திருப்பி, கீழே ஓர் இடத்தைக் காட்டி, “இங்க கையெழுத்துப்பா” என்றாள். பேனாவை மூடிப் பக்கத்தில் வைத்துவிட்டு, மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

போகிறவர்கள் பெயருக்குப் படிவத்தில் மூன்று வரி. முதல் வரியில் என் பெயர். இரண்டாவதில் செல்வி. மூன்றாவதை அவள் எழுதவில்லை.

அதை நான்தான் என் கையால் எழுத வேண்டும். அவள் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. படிவம் முன்னால் கிடக்கிறது. அந்த ஒரு பெயரை எழுதாமல், உங்களுக்கு இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.